ஒரு இணைப்பு, பல கணினி: கண்மாய்த் தண்ணி மாதிரி பங்கிடுவோம்

எங்க காளையார்கோவில் பக்கம் பாசன முறையை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கண்மாய் ஒண்ணு, மடை சில, வயல்கள் பல. ஆளுக்கொரு கண்மாய் வெட்ட முடியுமா? நீர்பாய்ச்சி முறைவைத்து மடை திறந்தால் கடைமடைக்கும் தண்ணி போகும். இணையமும் அப்படித்தான். குழுவுக்கு ஒரு இணைப்பு போதும், பங்கிடத் தெரிஞ்சால் சரி.

இயற்கை விவசாயிக்கு இது எதுக்குன்னு கேட்கலாம். பி.ஜி.எஸ். முறையில் சான்று வாங்க குறைந்தது 5 உழவர்கள் சேர்ந்த குழு வேணும். உறுப்பினர் விவரம், வயல் விவரம், ஒருவர் வயலை ஒருவர் பார்த்து எழுதிய ஆய்வு எல்லாம் இணையத்தில் ஏறணும். செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ண முடியாதவர் சான்றிலிருந்து ஒதுங்கிப் போகக்கூடாது.

இந்தப் பங்கீடு புதுசும் இல்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. பசுமைப் புரட்சி விஷயத்தில் அவரோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேணும். வில்லியனூரில் தொலைபேசி வழி இணையம். அங்கே திரட்டிய செய்தி வானொலி அலை வழியா சுற்றுக் கிராமங்களுக்குப் போனது. வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் என்பதை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். இடத்தை ஊர் தரணும், சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரணும் என்பது நிபந்தனை.

எங்க குழுவில் 3 கணினி, ஒரு பிரின்டர். கணக்கு பார்க்கிறவன் நான். இங்கே நீர்பாய்ச்சி வேலையை ரூட்டர் பார்க்குது. வெளி உலகத்துக்குத் தெரியுறது ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்று தனி எண். எந்தக் கணினி எதைக் கேட்டதுன்னு ரூட்டர் குறிச்சு வைச்சு, வந்த பதிலைச் சரியா அதுக்கே அனுப்பும்.

சில நடைமுறைகள்:

கேபிளை ஒரே இழுப்பாக 100 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம். ரூட்டரில் துளை போதாவிட்டால் ஒரு சுவிட்ச் வாங்கினால் போதும். வைஃபை கனத்த சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும். செட்டிநாட்டுப் பாணிக் கட்டடம் என்றால் கேபிளே நல்லது.

40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 4 கணினியும் ஒரே நேரத்தில் முழுசா இழுத்தால் தலைக்கு 10 அளவில்தான் கிடைக்கும். ஒருத்தர் பெரிய வீடியோ இறக்கினால் மத்தவங்க காத்துக் கிடக்கணும். நிறைய ரூட்டர்களில் கணினிக்கு இவ்வளவுதான்னு வேக வரம்பு வைக்கலாம். பெரிய பதிவிறக்கங்களை ராத்திரிக்குத் தள்ளிடுங்க. படம் ஏற்றும் வேலை அதிகம் என்பதால், இணைப்பு வாங்கும்போதே ஏற்றும் வேகத்தையும் கேளுங்க.

பிரின்டரைப் பொதுவாக்கவும், கணினிக்குக் கணினி கோப்பு மாற்றவும் இணையமே வேண்டாம், உள் வலையே போதும். வைஃபைக்குக் கடவுச்சொல் கட்டாயம். விருந்தாளிக்குத் தனி வலை வைங்க. மின்சாரம் போனாலும் ரூட்டர் ஓட ஒரு சின்ன யு.பி.எஸ். வைங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூணு விஷயம் பேசி முடிங்க. பெண்களும் நிலமில்லாதவங்களும் தயங்காம வந்து போற இடம் எது? கடவுச்சொல்லுக்கும் பராமரிப்புக்கும் யார் பொறுப்பு? மாசக் கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு? இதை எழுதி வைச்ச பிறகு ரூட்டர் வாங்கினால் போதும்.