ஸ்பீக்கர் பெட்டியையும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்

தேங்காய் வாங்க வரும் வாடிக்கையாளர் இரண்டு காய்களையாவது கையில் எடுத்துச் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. நாமும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே நாம், கடை அடைத்த பிறகு வீட்டில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து ஸ்பீக்கர் வாங்கும்போது, அட்டைப் பெட்டியில் அச்சடித்த வாட்ஸ் எண்ணைப் படித்ததோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

நாமும் ஒரு முறை அப்படி ஏமாந்தோம். 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு ஜோடியை ஆசையோடு வாங்கி வந்து, வீணைக் கச்சேரி கேசட் ஒன்றைப் போட்டோம். கனத்த தந்தியை மீட்டும்போதெல்லாம் பெட்டி கடகடவென்று ஆடியது. வீணை எங்கோ போய்விட்டது, பெட்டிச் சத்தம்தான் மிஞ்சியது. விற்றவரிடம் கேட்டதற்கு, "வாட்ஸ் சரியாத்தானே சார் இருக்கு" என்றார்.

இந்த பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் வரக்கூடிய உச்சத்தைக் கணக்கிட்டுப் போடும் எண். அதை அளப்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. சாக்கு, சணல், தூக்குகிறவர் கை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து, அதுதான் அரிசியின் எடை என்பதுபோல. எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் நம்மைச் சும்மா விடுவார்களா? கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற கணக்கு அது. வண்டிக்கு மைலேஜ் மாதிரி. 3 டெசிபல் கூடுதலாக வேண்டுமானால் ஆம்ப்ளிபயர் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும். ஆகவே 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை, 84 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 40 வாட்ஸ் தேவைப்படும்.

இனி பெட்டி விஷயம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாமல் வைத்தால் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போய்விடும். பின்பக்கத்தை அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சூர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் இருக்கும் காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார். அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து கனத்த பாஸ் வர வழி பிறந்தது அப்போதுதான். பிறகு 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் ஆகிய இருவரும் பெட்டியின் அளவைக் கணக்குப் போட்டே சொல்லிவிடும் முறையை வகுத்தார்கள்.

கணக்கு ஒன்றும் மலையல்ல. நல்ல வூபருடன் ஒரு தாள் வரும். அதில் வி.ஏ.எஸ். 20 லிட்டர், க்யூ.டி.எஸ். 0.4 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.707-ஐ 0.4-ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் சுமார் 2.12. இதனால் 20-ஐ வகுத்தால் 9.4 லிட்டர். மூடிய பெட்டிக்கு உள் அளவு அதுதான். 18 செ.மீ. அகலம், 19 ஆழம், 29 உயரம் என்றால் 9.9 லிட்டர், வூபரும் உள்சாமான்களும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சரியாக வரும். பெட்டியை இதைவிடச் சிறிதாக்கினால் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'டம் டம்' கேட்கும். (குழாய் வைத்த பெட்டிகளுக்குக் கணக்கு வேறு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் வீணையின் குடம் பலா மரத்தில் குடைந்தது. தந்தியோடு சேர்ந்து அந்தக் குடமும் பாட வேண்டும். அதனால் நல்ல ஸ்பீக்கருக்கும் பலா மரமே உகந்தது என்று நினைக்கத் தோன்றும். நேர்மாறு. வீணைக்கு ஒரே நாதம். அதன் மரம் அந்த நாதத்தைச் சேர்ந்தது. ஸ்பீக்கரோ இன்று நாகஸ்வரம், நாளை சினிமாப் பாட்டு என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியது. பெட்டி தன் குரலையும் சேர்த்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். தேங்காய் கணீரென்றால் நல்லது. ஸ்பீக்கர் பெட்டி கணீரென்றால் ஆகாது. பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள். 'தொப்' என்று உடனே அடங்க வேண்டும்.

இதற்கு 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். பலகை அல்லது நல்ல பிளைவுட் போதும்; நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும் கொடுக்க வேண்டும். பி.பி.சி. வானொலிக்காரர்கள் தங்கள் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970-களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5 ஏ என்ற சிறு ஸ்பீக்கர் இன்றளவும் பேசப்படுகிறது. அதன் பலகை 12 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட்தான். உள்பக்கம் தார் கலந்த தகடுகளை ஒட்டி அதிர்வை அடக்கியிருந்தார்கள்.

முழுத் தேக்குப் பலகையில் செய்து தரச் சொல்லும் அன்பர்கள் உண்டு. நமது டெல்டாவில் ஐப்பசி அடைமழையில் வீட்டுக் கதவு சாத்த முடியாமல் உப்புவதையும் சித்திரையில் இடுக்கு விடுவதையும் பார்க்கிறோம் அல்லவா? ஸ்பீக்கர் பெட்டியில் அப்படி ஒரு நூல் இடுக்கு விட்டாலும் காற்று கசிந்து பாஸ் போய்விடும். எனவே அழகுக்குத் தேக்கு வேண்டுமானால் மேலே மெல்லிய தேக்குத் தாளை ஒட்டுவதுதான் முறை. வெளியே ஒட்டினால் உள்ளேயும் ஏதாவது ஒரு தாளை ஒட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளைந்துவிடும். மூலைகளில் பசை போட்டு, உள்ளே சிலிக்கான் பூசி அடைக்க வேண்டும். மூடிய பெட்டியில் கசிவு இருக்கிறதா என்று அறிய, வூபர் கூம்பை இரு விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. சட்டென்று வந்தால் எங்கோ ஓட்டை.

வூபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ட்வீட்டருக்கு ஒற்றைக் கண்டென்சரை மாட்டிவிட்டு அதையே கிராஸ்ஓவர் என்று விற்பதும் நடக்கிறது.

கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன் போன்ற நிறுவனங்கள் நம் நாட்டிலேயே நல்ல ஸ்பீக்கர் செய்ய முடியும் என்று காட்டியிருக்கின்றன. கணக்குத் தெரிந்த ஒருவர் அளவு எழுதிக் கொடுத்தால் பெட்டி வேலையை நம் ஊர்த் தச்சர்களே செய்துவிடுவார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினர்கள் வூபரும் ட்வீட்டரும் விற்கும்போது, அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் மறுபடி வருவார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். மழை நாளில் பாலிஷ் போட்டால் ஈரம் உள்ளே சிக்கிப் பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும். பெட்டியை எப்போது செய்தாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று தச்சர் சொன்னால், தை பிறக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.