அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டாச்சு, இப்போ வீட்டைக் காலி பண்ணணும்னா?

(எபிசோடின் ஆடியோவிலிருந்து, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரம் வாடகை வீடு. வீடு தேடுறது எப்படின்னு ஆயிரம் வீடியோ இருக்கு. வீட்டை விட்டு வெளிய வர்றது எப்படின்னு யாரும் சொல்றதில்ல. அதனால அதை மட்டும் பேசலாம்.

நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கார். சுருக்கமா சொல்றேன். பெருங்குடி பக்கம் டூ பிஎச்கே, வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் அஞ்சு மாசம், அதாவது 1,10,000. பதினோரு மாச அக்ரிமெண்ட், அதுல ஆறு மாசம் லாக்-இன். குடிவந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, கம்பெனி புனேவுக்கு மாத்திடுச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னா, "லாக்-இன் முடியறதுக்குள்ள போனா அட்வான்ஸ் ஒரு ரூபா வராது தம்பி"ன்னு சொல்லிட்டாராம். ஒன்னேகால் லட்சத்துக்கு கொஞ்சம் குறைவு. முதல் வேலையில இருக்கிற ஒருத்தருக்கு அது மூணு நாலு மாச சேமிப்பு. இந்தக் கணக்கை வெச்சே மத்ததையும் பார்ப்போம்.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தைக் குழப்பம். இங்கிலீஷ்ல எல்லா வாடகை ஒப்பந்தமும் லீஸ்தான். ஆனா சென்னையில "லீஸுக்கு வீடு"ன்னா ஒத்தி, போக்கியம். மொத்தமா பத்து லட்சமோ பதினஞ்சு லட்சமோ கொடுத்துட்டு, மாச வாடகை இல்லாம இருக்கிறது. அதோட சிக்கல் தனி, கடைசியில வர்றேன். இப்போ பேசுறது சாதாரண மாச வாடகை அக்ரிமெண்ட்.

பதினோரு மாசம்னா பதினோரு மாசம் இருந்தே ஆகணுமா?

இல்ல. நிறைய பேர் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பதினோரு மாசம்ங்கிற எண் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியே ஆகணும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க ஒரு மாசத்தைக் குறைச்சாங்க, அவ்வளவுதான். தமிழ்நாட்டுல அந்த தந்திரத்துக்கும் இப்போ பெரிய அர்த்தம் இல்ல. 2017-ல வந்து 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை ஆணையத்துல பதிவாகணும்னு சொல்லுது. எத்தனை மாசம்னாலும் சரி.

நீங்க எப்போ வெளிய வரலாம்ங்கிறதை முடிவு பண்றது அக்ரிமெண்ட்ல இருக்கிற ரெண்டு பத்திதான். ஒன்னு நோட்டீஸ்: "இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு மாத முன்னறிவிப்புடன்..."ன்னு போகும். இன்னொன்னு லாக்-இன். லாக்-இன் பத்தியே இல்லைன்னா உங்களுக்குப் பிரச்சினையே இல்ல. நோட்டீஸ் கொடுங்க, அந்த மாச வாடகையைக் கட்டுங்க, கிளம்புங்க. காலமும் நோட்டீஸும் எழுதவே இல்லைன்னா, 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் குடியிருப்பு வாடகையை மாசத்துக்கு மாசம் ஓடுற ஒப்பந்தமாத்தான் பார்க்குது. அந்தச் சட்டப்படி பதினஞ்சு நாள் நோட்டீஸ்.

லாக்-இன் இருந்தா அதை ரெண்டு தடவை படிங்க. அது ரெண்டு பேரையும் கட்டுதா, இல்ல உங்களை மட்டுமா? அதுக்குள்ள போனா என்ன தரணும்னு ஒரு தொகை போட்டிருக்கா? "லாக்-இன் ஆறு மாதம்"னு ஒரு வரி மட்டும் இருந்து, மீறினா என்னன்னு எழுதாத அக்ரிமெண்ட் ஏராளம். புரோக்கர் கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய ஃபைல்ல பேரை மாத்தி அடிச்சா அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கேள்வியும் வந்துச்சு: "நேத்துதான் கையெழுத்து போட்டேன், இன்னும் குடியே போகல, மூணு நாளைக்குள்ள கேன்சல் பண்ணலாம்னு சட்டம் இருக்காமே?" அப்படி ஒரு சட்டம் நம்ம ஊர்ல வாடகைக்குக் கிடையாது. கையெழுத்து போட்டா போட்டதுதான். ஆனா குடிபோகாத வீட்டை ஓனர் அடுத்த வாரமே வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம்ங்கிறதால, பேசித் தீர்க்கிறதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சாவி வாங்கறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

அட்வான்ஸை அப்படியே வெச்சுக்க முடியுமா?

இப்போ பெருங்குடிக்கு வருவோம். மூணாவது மாச முடிவுல காலி பண்றார்னு வெச்சுக்கோங்க. லாக்-இன்ல மிச்சம் மூணு மாசம், அதாவது 66,000 ரூபாய். அக்ரிமெண்ட்டை எவ்வளவு கடுமையா படிச்சாலும், அட்வான்ஸ் முழுக்கப் போயிடும்னு தனியா எழுதியிருந்தா தவிர, ஓனர் கேட்கக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான். 1,10,000 எப்படி வந்துச்சு? வரல. கையில பணம் இருக்கிறவர் சொல்றார், அவ்வளவே.

அந்த 66,000-மே முழுசா அவருக்குச் சேருமா? 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 74-வது பிரிவு இருக்கு. ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவு தரணும்னு எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு மட்டும்தான்னு சொல்லுது. உச்ச நீதிமன்றம் 1963-ல ஃபதே சந்த் வழக்குலயும், 2015-ல கைலாஷ் நாத் வழக்குலயும் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. ரெண்டுமே வாடகை வழக்கு இல்ல, முன்பணத்தைப் பறிமுதல் பண்ண வழக்குகள். ஆனா கொள்கை ஒன்னுதான்: நஷ்டமே இல்லாதப்போ முன்பணத்தை விழுங்க முடியாது. பக்கத்துப் பிரிவான 73, நஷ்டத்தைக் குறைக்க வழி இருந்துச்சான்னும் பார்க்கச் சொல்லுது. நீங்க போன பதினஞ்சாவது நாள் அதே வாடகைக்கு வேற ஆள் வந்துட்டா, ஓனரோட நஷ்டம் அரை மாச வாடகை. 11,000.

இதைக் கேட்டுட்டு உடனே ஓனர்கிட்ட போய்ப் பிரிவு நம்பர் சொல்லாதீங்க, ப்ளீஸ். காகிதத்துல உங்க பக்கம் பலமா இருந்தாலும், பணம் அவர்கிட்ட இருக்கு. நீங்க புனேல உட்கார்ந்துக்கிட்டு சென்னையில கேஸ் நடத்தணும். வீட்டைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கியைக் கழிச்சுக்கிட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னு தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லுது. தராட்டி வக்கீல் நோட்டீஸ், அப்புறம் வாடகை நீதிமன்றம். வழி இருக்கு. ஆனா அது ரெண்டாவது வழியா இருக்கட்டும். (அட்வான்ஸே மூணு மாச வாடகைதான்ங்கிறது அதே சட்டத்துல இருக்கிற அளவு. அஞ்சும் பத்தும் வாங்குறது நம்ம ஊர் வழக்கம்.)

முதல் வழி, ஓனருக்கு உண்மையில என்ன பயம்னு யோசிக்கிறது. வீடு பூட்டிக் கிடக்கும், மறுபடி புரோக்கர், மறுபடி பெயிண்ட், மறுபடி முன்பின் தெரியாத ஆளுங்க. இதுல பாதியை நீங்களே தீர்த்து வைக்கலாம். ஆபீஸ் குரூப், ஃப்ளாட்மேட் குரூப், நோபுரோக்கர் எல்லாத்துலயும் போட்டு, ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. ஓனருக்கு ஃபேமிலிதான் வேணும், பேச்சுலர் வேணாம்னா அதையும் கேட்டுக்கோங்க. அந்தக் கட்டுப்பாடு எனக்குக் கடுப்புதான், ஆனா இப்போ உங்க வேலை அவரைத் திருத்துறது இல்ல. மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். ஆபீஸ்ல புனேவுக்கு மாத்திட்டாங்க, ஆர்டர் காப்பி அனுப்பியிருக்கேன். இந்த மாசம் 30-ஆம் தேதி வரைக்கும் வாடகை கட்டிடறேன். அதுக்குள்ள உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வேற ஆள் கொண்டு வர நானும் முயற்சி பண்றேன். வீடு பார்க்க வர்றவங்களுக்கு எந்த நேரமும் திறந்து காட்டறேன். ஆள் கிடைக்க லேட்டானா ஒரு மாச வாடகை வரைக்கும் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்."

போன்ல பேசிட்டு, அதுக்கப்புறம் இதை வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் போடுங்க. தேதி பதிவாகணும். கடைசி வரியில ஒரு எல்லை இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம். அவர் ஒத்துக்கிட்டா, ஒரு மாசம் 22,000, பெயிண்டிங்குக்கு ஒரு 15,000 போனாலும் 73,000 கைக்கு வரும். பூஜ்யம்னு ஆரம்பிச்ச பேச்சு இது.

புது ஆள் வந்தா ஓனர் நேரா அவங்களோட புது அக்ரிமெண்ட் போடணும். "நீ இரு மச்சான், வாடகையை எனக்கு ஜிபே பண்ணு, நான் ஓனருக்குக் கட்டறேன்"ங்கிற ஏற்பாடு வேணவே வேணாம். ஓனரோட எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு தமிழ்நாட்டுச் சட்டத்துல இருக்கு. அவன் மூணு மாசம் வாடகை கட்டலைன்னா ஓனர் தேடி வர்றது உங்களைத்தான். ரூம்மேட்ஸ் சேர்ந்து கையெழுத்து போட்ட வீட்டுல ஒருத்தர் மட்டும் கிளம்பும்போதும் இதே கதைதான். போறவர் பேரை எடுத்துட்டு அக்ரிமெண்ட்டை மாத்தி எழுதிக்கோங்க.

தப்பு ஓனர் பக்கம்னா

சுவர்ல ஓதம், கூரை பேர்ந்து விழுது, வயரிங் ஷாக் அடிக்குது, சொல்லியும் சரி பண்ணல. இந்த மாதிரி குடியிருக்கவே முடியாத நிலைமைன்னா, ரிப்பேர் கேட்டு எழுத்துல கொடுத்து, அவர் மறுத்தா, பதினஞ்சு நாள் நோட்டீஸ்ல வெளியேற 2017 சட்டம் இடம் கொடுக்குது. லாக்-இன்னைக் காட்டி அப்போ பயமுறுத்த முடியாது. "எழுத்துல"ங்கிறதை மறுபடி சொல்றேன். மாடிப்படியில பார்த்து நாலு தடவை சொன்னதெல்லாம் கணக்குல வராது. தண்ணியையோ கரண்ட்டையோ நிறுத்தி உங்களை வெளிய தள்ளப் பார்த்தா, அது சட்டப்படி தப்பு. வாடகை ஆணையத்துல புகார் கொடுக்கலாம்.

வெள்ளத்தைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை ஆளுங்களுக்கு 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாமும் மறக்காது. தீ, புயல், வெள்ளத்தால வீடு பாழானா வாடகைதாரர் ஒப்பந்தத்தை ரத்து பண்ணிக்கலாம்னு சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவுல இருக்கு. ஆனா சட்டம் கேட்கிறது, பெரும்பகுதி, நிரந்தரமா, பயன்படுத்த முடியாம போகணும். நாலு நாள் முழங்கால் தண்ணி நின்னு வடிஞ்சிட்டா அந்தப் பிரிவு கை கொடுக்கிறது கஷ்டம். வேணும்னா இன்னொரு கோணம் இருக்கு: "இந்தத் தெருவுல தண்ணியே வராது"ன்னு ஓனர் தெரிஞ்சே பொய் சொல்லி, அதை நம்பி நீங்க கையெழுத்து போட்டிருந்தா, ஒப்பந்தத்தை ரத்து பண்ண ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவு உதவும். அவர் சொன்னதுக்கு மெசேஜ் இருந்தா.

ஒத்தி வீட்டுக்காரங்களுக்கு வர்றேன். அங்க பிரச்சினை சட்டத்துல இல்ல, ஓனர் பாக்கெட்ல. உங்க பன்னெண்டு லட்சத்தை அவர் எப்பவோ கடனடைக்கவோ கல்யாணத்துக்கோ செலவு பண்ணியிருப்பார். அடுத்த ஒத்திக்காரர் பணம் கொடுத்தாத்தான் உங்களுக்குப் பணம். அதனால பணம் முழுசா அக்கவுண்ட்ல ஏறுற வரைக்கும் சாவியைக் கொடுக்காதீங்க. "பாதி இப்போ, மீதி தை மாசம்"னா, செக்கும் எழுத்தும் கையில இருக்கணும்.

மாச வாடகை வீட்டுல இதுக்கு நேர்மாறு. சாவியைக் கொடுத்தே ஆகணும். கோபத்துல பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டா, சாவி உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் வீடு உங்ககிட்டதான்னு ஓனர் வாதாடுவார், வாடகை மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். கிளம்பற அன்னைக்கு ஒவ்வொரு ரூமா ஒரு வீடியோ எடுங்க. ஈபி மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து, பில் கட்டின ரசீதோட ஓனருக்கு அனுப்புங்க. "இன்னைக்கு சாவி வாங்கிக்கிட்டேன், அட்வான்ஸ்ல இவ்வளவு கழிச்சு இவ்வளவு, இந்தத் தேதிக்குள்ள தர்றேன்"னு அரைப் பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. அவர் கையெழுத்து போட மாட்டேன்னா, அதே விஷயத்தை அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, அந்த ப்ளூ டிக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.