ஓடும் காரில் திடீரென இன்ஜின் நின்றால்? 'ரீகால்' பட்டியலில் உங்கள் கார் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

இப்படி ஒரு காலையை யோசித்துப் பாருங்கள். அந்தமானில் இருக்கும் சித்தி வீட்டுக்கு லீவுக்குப் போயிருக்கிறீர்கள். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) வண்டூருக்குப் புறப்பட்டாச்சு. முப்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். சீக்கிரம் போனால்தான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் போகும் படகைப் பிடிக்க முடியும். பின் சீட்டில் சித்தியும் இரண்டு பிள்ளைகளும். ஒரு வளைவில், எந்தச் சத்தமும் இல்லாமல் இன்ஜின் நின்றுபோகிறது. ஸ்டியரிங் கனக்கிறது. பின்னால் ஒரு பஸ்.

எப்படியோ ஓரம் கட்டி மெக்கானிக்கை அழைத்தால், முதல் பதில்: "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் சார்." இருக்கலாம். ஆனால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. இந்த மாடலில் இதே கோளாறு வரலாம் என்று தயாரிப்பு நிறுவனமே சில வருடங்களுக்கு முன்பு அறிவித்து, இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கலாம். சித்தப்பாவுக்கு அந்தத் தகவல் வரவே இல்லை. ஏனென்றால், அது சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்த கார். நிறுவனத்தின் கடிதம் போனது முதல் ஓனரின் முகவரிக்கு.

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் அந்தக் கோளாறு கற்பனை இல்லை.

எந்தெந்த கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன?

இந்தியாவில் ஓடும் காரின் இன்ஜின் நின்றுபோகும் ஆபத்துக்காக நடந்த ரீகால்களில் அடிக்கடி வரும் பெயர், ஃப்யூயல் பம்ப். முக்கியமான அறிவிப்புகள் இவை:

- 2020 ஜூன்: ஹோண்டா கார்ஸ் இந்தியா 65,651 கார்கள். 2018-ல் தயாரான அமேஸ், சிட்டி, ஜாஸ், டபிள்யூஆர்-வி உள்ளிட்ட மாடல்கள்.
- 2020 ஜூலை: மாருதி சுசூகி 1,34,885 கார்கள். வேகன்ஆர், பலேனோ. பலேனோவின் மறுவடிவமான டொயோட்டா கிளான்ஸாவிலும் சுமார் 6,500 கார்கள் அழைக்கப்பட்டன.
- 2021 ஏப்ரல்: ஹோண்டா 77,954 கார்கள். 2019, 2020 ஆண்டுகளில் தயாரானவை.
- 2024 மார்ச்: மாருதி சுசூகி 16,041 கார்கள். 2019 ஜூலை இறுதிக்கும் நவம்பர் தொடக்கத்துக்கும் இடையே தயாரான பலேனோ, வேகன்ஆர்.
- 2024 அக்டோபர்: ஹோண்டா 92,672 கார்கள். பெரும்பாலும் 2017 செப்டம்பர் முதல் 2018 ஜூன் வரை தயாரானவை.

மாருதி, ஹோண்டா இரண்டையும் மட்டும் கூட்டினாலே சுமார் 3.87 லட்சம் கார்கள். எல்லாமே நம்ம வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண குடும்பக் கார்கள். தேதிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். 2017-ல் தயாரான காருக்கு 2024-ல் அழைப்பு வருகிறது. அதற்குள் அந்தக் கார் இரண்டு கை மாறியிருக்கலாம், கடல் தாண்டியும் போயிருக்கலாம்.

ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு எப்படி இன்ஜினை நிறுத்துகிறது?

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு சிறிய மின்மோட்டார் இருக்கிறது. அதுதான் ஃப்யூயல் பம்ப். பல கார்களில் இது பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஓரிரு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அது இந்த பம்ப்தான்.

அதற்குள் சுழலும் பிளாஸ்டிக் தட்டுக்குப் பெயர் இம்பெல்லர். இதன் வேலை, பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜினுக்குத் தள்ளுவது. தட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். பிளாஸ்டிக்கின் அடர்த்தி குறைவாக இருந்தால் அதில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அது பெட்ரோலை உறிஞ்சி, ஊறிய கதவு நிலையில் சிக்குவதுபோல உப்பி, கூட்டில் உரசும். ஒரு கட்டத்தில் சுழல்வதே நின்றுவிடும். பெட்ரோல் வராவிட்டால் இன்ஜினும் நிற்கும்.

அமெரிக்காவில் டொயோட்டா 2020 ஜனவரியில் சுமார் 7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது வெளிவந்த காரணம் இதுதான். அந்த பம்புகளைத் தயாரித்தது ஜப்பானின் டென்சோ. அதே ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 2023 டிசம்பரில் அமெரிக்க ஹோண்டாவும் சுமார் 25 லட்சம் கார்களை அழைத்தது. இந்தியாவில் 2021, 2024 அறிவிப்புகளில் ஹோண்டா சொன்ன காரணமும் குறைபாடுள்ள இம்பெல்லர்தான்.

ஓடும்போது நின்றால் என்ன செய்வது?

முதலில் உயிர், பிறகுதான் வாரண்டி.

- சாவியை முழுதாக ஆஃப் செய்யாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.
- ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். மேனுவல் என்றால் கிளட்சை மிதியுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள்.
- இன்ஜின் நின்றாலும் பிரேக் உடனே செயலிழக்காது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிட அழுத்தம் ஓரிரு முறை மிதிக்கும்வரை உதவும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள்.
- ஸ்டியரிங் கனத்தாலும் திரும்பும். இரண்டு கையாலும் பலம் கொடுத்து இடதுபக்கம் ஒதுங்குங்கள்.
- எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். சிவப்பு முக்கோணத்தைத் தள்ளிப் பின்னால் வையுங்கள்.

சில நேரம் பம்ப் முன்கூட்டியே அறிகுறி காட்டும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஏற்றத்தில் இழுவை குறைவது, ஓடும்போது குலுங்குவது, பின் சீட்டுப் பக்கம் வழக்கத்தைவிட அதிக இரைச்சல். ஆனால் நின்ற இன்ஜினுக்கெல்லாம் பம்ப்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். பேட்டரி, சென்சார், கலப்பட எரிபொருள் எதுவாகவும் இருக்கலாம். "பெட்ரோல் பிரஷர் எவ்வளவு இருக்கு, கேஜ் வச்சுப் பாருங்க" என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஊகத்துக்கும் பரிசோதனைக்கும் அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

ரீகால் அறிவித்தும் ஏன் இவ்வளவு அலைச்சல்?

அறிவிப்பு வந்த அன்று செய்தியில் பெரிய எண் வரும். நிறுவனம் பொறுப்போடு நடந்துகொண்டது போலவும் தோன்றும். ஆனால் அறிவிப்பால் ஒரு கார்கூடச் சரியாவதில்லை. பழைய பம்பைக் கழற்றிப் புதியதை மாட்டும் வரை அது அதே ஆபத்தோடுதான் ஓடுகிறது. இடையில் வரும் தடைகள் நான்கு.

முதலாவது, தகவல். நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் முதல் ஓனரின் எண். கார் கை மாறினால் சங்கிலி அறுந்துவிடும்.

இரண்டாவது, உதிரிபாகம். பல ரீகால்கள் 'படிப்படியாக' நடக்கும் என்றே அறிவிக்கப்படுகின்றன. ஒரே நாளில் ஒரு லட்சம் பம்ப் தயாராக இருக்காது. பெருநகரத்தில் இது இரண்டு வாரக் காத்திருப்பு என்றால், மெயின்லேண்டிலிருந்து சரக்கு வர வேண்டிய தீவில் கப்பலையும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் பயணமே மூன்று நாள்வரை ஆகும்.

மூன்றாவது, சர்வீஸ் சென்டர் வாசல். "அப்படி எதுவும் வரல சார்", "உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டால், அதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

நான்காவதுதான் அதிகம் கடுப்பேற்றுவது: மாற்றிய பாகமும் பழுதாக இருக்கலாம். ஹோண்டாவின் 2024 பட்டியலில் இருந்த 92,672 கார்களில் 2,204 கார்கள், முன்பே உதிரிபாகமாக இந்த பம்பை மாற்றிக்கொண்டவை. அதாவது ஒருமுறை பம்ப் மாற்றியவர்கள் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. "நான்தான் போன வருஷமே மாத்திட்டேனே" என்று நீங்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 ஜூலை முதல் இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாமின் தன்னார்வ விதிமுறைப்படி ரீகால்கள் நடந்துவந்தன. 'தன்னார்வ' என்பதுதான் அதன் பலவீனம்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பயணிகளுக்கோ சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு தரும் குறைபாடு இருந்தால், ரீகால் செய்யும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். நிறுவனம் பழுதுநீக்கித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் முக்கியம். ஒன்று, ஆண்டுக்கு 10,000-க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால், புகார்களின் அடிப்படையில் நடவடிக்கை தொடங்க ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் பதிவாக வேண்டும். இரண்டு, இந்தக் கட்டாய ரீகால் விதி 7 வயதுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு மட்டும்தான். 2018-ல் தயாரான கார்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. நிறுவனம் தானாக அறிவித்த ரீகாலுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது. அதனால் "வண்டி பழசாயிடுச்சு, இனிமே கிடைக்காது" என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஒழுங்குமுறை அமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: இன்ஜின் கோளாறுக்கான ரீகாலைத் தாமதப்படுத்தியதாக 2020 நவம்பரில் ஹூண்டாய், கியா நிறுவனங்களுக்குச் சேர்த்து 21 கோடி டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. தகவலை வெளியே சொன்ன முன்னாள் ஊழியருக்கு, அடுத்த ஆண்டே 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. அங்கே தாமதத்துக்கே விலை உண்டு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன?

1. ஆர்.சி.யை எடுங்கள். அதில் 17 எழுத்து, எண்கள் கொண்ட சேசிஸ் எண் இருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெயின் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அப்பா, மாமா கார்களுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

2. செகண்ட் ஹேண்ட் கார் என்றால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து உங்கள் பெயர், மொபைல் எண், முகவரியைப் பதிவு செய்யுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றம் மட்டும் போதாது. வாங்கப்போகும் காருக்கு, பணம் கொடுக்கும் முன்பே சேசிஸ் எண்ணைச் சரிபாருங்கள். கப்பலில் ஏற்றப்போகும் கார் என்றால், மெயின்லேண்டிலேயே ரீகால் வேலையை முடித்துவிட்டு ஏற்றுங்கள்.

3. பட்டியலில் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள்: பாகம் எப்போது வரும்? அதுவரை ஓட்டலாமா? நடுவழியில் நின்றால் டோயிங் செலவு யாருடையது? மாற்று வண்டி தருவீர்களா? பதில் வராவிட்டாலும், நீங்கள் கேட்டதற்கு அதுவே ஆதாரம்.

4. வேலை முடிந்ததும், பைசா வாங்காவிட்டாலும் ஜாப் கார்டு வாங்குங்கள். ரீகால் எண்ணும் புதிய பாகத்தின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பாகத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். முன்பே சொந்தச் செலவில் பம்ப் மாற்றியிருந்தால், பில்லை இணைத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

5. கோளாறு வந்தால் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் உள்ள வாகன ரீகால் பக்கத்தில் புகார் பதியுங்கள். "ஒருத்தன் போட்டா என்ன ஆகும்?" என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஆயிரத்துச் சொச்சம் இப்படி ஒவ்வொருவராகப் போட்டுத்தான் சேர வேண்டும்.

6. இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலேயே பதியலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். உற்பத்திக் குறைபாடு என்று நிரூபணமானால், "நாங்கள் கவனமாகத்தான் தயாரித்தோம்" என்ற வாதம் நிறுவனத்தைக் காப்பாற்றாது.

கார் வாங்கும்போது மைலேஜ், ஏர்பேக், டச் ஸ்கிரீன் என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். வாங்கிய பிறகு சேசிஸ் எண்ணை ஒருமுறைகூடத் தேடிப் பார்ப்பதில்லை. நிறுவனம் கடிதம் அனுப்பும் என்று காத்திருந்தால், அது பழைய முகவரியில் யார் வீட்டுக் கதவிடுக்கிலோ கிடக்கும். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆர்.சி.யை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வண்டூர் வளைவிலோ தாம்பரம் மேம்பாலத்திலோ நின்ற பிறகு தேடுவதைவிட அது சுலபம்.