17-ஆம் எண் ரேகை: தடயவியல் தவறிய ஒரு வழக்கு

"குற்றவாளியின் கைரேகை கிடைத்துவிட்டது" என்று செய்தி வந்தால், வழக்கு முடிந்தது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். திரைப்படங்களும் தொடர்களும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. கணினித் திரையில் இரண்டு ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும், பச்சை விளக்கு எரியும், அடுத்த காட்சியில் கைது. தடயவியல் கூடங்களில் வேலை அவ்வாறு நடப்பதில்லை. கைரேகைத் துறை பிறந்ததில் ஒரு முஸ்லிம் இளைஞரின் கணிதத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அதே துறை சறுக்கிய மிகப் பிரபலமான வழக்கில் சிக்கியவரும் ஒரு முஸ்லிம்தான்.

விரல் நுனி என்றதும் நம்மில் பலருக்கு அல்கியாமா அத்தியாயம் நினைவுக்கு வரும். படைப்பில் உள்ள அந்த நுட்பம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. தாயின் கருவறையில் மூன்றாம் மாத வாக்கில் உருவாகத் தொடங்கும் இந்தக் கோடுகள், ஆறாம் மாதத்திற்குள் நிலைபெற்றுவிடுகின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கும்கூட ரேகை வேறு வேறுதான். மேல்தோலில் காயம் பட்டு ஆறினால் பழைய கோடுகளே திரும்பவும் முளைக்கும். ஆனால் இது விரலைப் பற்றிய செய்தி. அந்த விரல் ஒரு கண்ணாடியிலோ பையிலோ விட்டுச்செல்லும் தடம் வேறு விஷயம். அது வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கலந்த மங்கலான ஒரு கறை. பாதி அழிந்திருக்கலாம், இழுபட்டிருக்கலாம், இரண்டு முறை தொட்டதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கலாம்.

அந்தக் கறையைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதே ஒரு தனிக் கலை. வழவழப்பான பரப்பில் நுண்ணிய பொடியைத் தூரிகையால் தடவுவார்கள். காகிதம் என்றால் நின்ஹைட்ரின் என்ற ரசாயனம். வியர்வையிலுள்ள அமினோ அமிலத்துடன் சேர்ந்ததும் ஊதா நிறம் காட்டும். பிளாஸ்டிக் பொருள் என்றால், உடைந்த சாமான்களை ஒட்ட நாம் வீட்டில் வைத்திருக்கும் உடனடிப் பசையின் ஆவியைக் காட்டுவார்கள். ரேகை வெள்ளையாகப் படியும்.

இனி, கல்கத்தா. 1890-களில் வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றிக்கு ஒரு சிக்கல் இருந்தது. கைதிகளின் ரேகைகளைச் சேகரிப்பது எளிது. ஆயிரக்கணக்கான அட்டைகளுக்குள் ஒருவருடையதைத் தேடி எடுப்பது எப்படி? பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு, துணை ஆய்வாளராகச் சேர்ந்திருந்த காஜி அஸீஸுல் ஹக் விடை கண்டார். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாகப் பிரித்தார். ஜோடிகளுக்கு 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. எந்த விரலில் சுழி இருக்கிறதோ அந்த விரலுக்கு அந்த மதிப்பு. சுழி இல்லையென்றால் பூஜ்ஜியம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பு மேலே, மற்றதன் மதிப்பு கீழே. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். ஒரு சுழிகூட இல்லாதவருக்கு 1/1, பத்து விரலிலும் சுழி உள்ளவருக்கு 32/32. ஆக 32 பெருக்கல் 32, மொத்தம் 1024 அறைகள். அட்டையைப் பார்த்த உடனேயே எந்த அறையில் தேடுவது என்று தெரிந்துவிடும்.

1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1901-இல் இம்முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. பெயர் என்னவோ 'ஹென்றி முறை' என்றே நிலைத்தது. அஸீஸுல் ஹக்கும், உடன் உழைத்த ஹேம சந்திர போஸும் பிந்தைய காலத்தில் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்களோடு நிறுத்தப்பட்டார்கள். தம் ஊழியர்களில் மற்ற எவரையும் விட ஹக்கின் பங்களிப்பே அதிகம் என்று 1926-இல் ஹென்றியே எழுதிக் கொடுத்தார். உலகம் முழுவதும் அந்த முறை பரவிய பிறகு வந்த கடிதம் அது.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டார். அவருடைய பெட்டிக்குள் இருந்த பஞ்சாங்கத்தில் ஒரு விரல் தடம். அது முன்பு அங்கே வேலை பார்த்து, திருட்டு வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஒருவரின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் அவரைத் திருட்டுக்காகத் தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார் என்பதற்குத்தான் ரேகை சாட்சி, கொன்றார் என்பதற்கு அல்ல. இந்தத் தெளிவு அன்றே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில் நிலையம் அருகே நின்ற ஒரு வேனில், வெடிதூண்டிகள் வைக்கப்பட்ட பிளாஸ்டிக் பை கிடைத்தது. அதிலிருந்த ஒரு தடத்திற்கு 17 என்று எண். ஸ்பெயின் காவல்துறை அதன் படத்தை இன்டர்போல் மூலம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.-க்கு அனுப்பியது. அங்குள்ள கணினி, கோடிக்கணக்கான ரேகைகளில் தேடி, ஓரளவு ஒத்திருந்த 20 பேரைப் பட்டியலிட்டது. கணினி சொன்னது அவ்வளவுதான். பட்டியலில் நான்காவதாக இருந்தவர் பிராண்டன் மேஃபீல்ட். ஆரிகன் மாநில வழக்குரைஞர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், இஸ்லாத்தை ஏற்றவர், மனைவி எகிப்தில் பிறந்தவர்.

எஃப்.பி.ஐ.-யின் நிபுணர் இதுதான் அந்த ரேகை என்றார். மேலும் இருவர் ஆமோதித்தனர். 15-க்கும் அதிகமான புள்ளிகள் பொருந்துவதாகவும், நூறு சதவீதம் உறுதி என்றும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஏப்ரல் 13 அன்று ஸ்பெயின் காவல்துறை "எங்கள் ஆய்வில் பொருந்தவில்லை" என்று தெரிவித்தது. எஃப்.பி.ஐ. தன் ஆளை மாட்ரிட்டுக்கே அனுப்பி வாதாடியது. மேஃபீல்டின் வீட்டுக்குள் அவருக்குத் தெரியாமல் புகுந்து சோதனையிட்டார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்டார்கள். மே 6 அன்று கைது. நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் எஃப்.பி.ஐ. சொன்னதையே சொன்னார். அதே மே 19 அன்று மாட்ரிட்டிலிருந்து செய்தி வந்தது: ரேகை ஓர் அல்ஜீரியருடையது. மறுநாள் மேஃபீல்ட் விடுவிக்கப்பட்டார். சில நாட்களில் எஃப்.பி.ஐ. மன்னிப்பு கேட்டது. 2006-இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடும் மன்னிப்புக் கடிதமும் கொடுத்தது.

அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். "முஸ்லிம் என்பதால்தான் பிடித்தார்கள்" என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் முடிவைக் கவனமாகச் சொல்கிறோம். முதலில் ரேகை பொருந்துவதாக முடிவெடுத்தபோது, ஆய்வாளர்களுக்கு மேஃபீல்டின் மதம் தெரியாது. இரண்டு ரேகைகளும் அசாதாரணமாக ஒத்திருந்தன. தொகுப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அச்சு அசலான 'போலி'களும் அதில் அகப்படும். அதன்பின் அவர்கள் மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, மங்கலான தடத்தில் அதே அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பொருந்தாத பகுதியை, "வேறொரு தொடுதலால் வந்தது" என்று ஒதுக்கினார்கள். ஆனால் ஸ்பெயின் மறுத்த பிறகு, நேர்மையாக மறுபரிசீலனை செய்யாமல் போனதற்கு அவருடைய மதமும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அந்த அறிக்கை கூறியது. எங்கள் பார்வையில், முதல் தவறை விட இது பாரதூரமானது.

இட்டியெல் டிரோர் என்ற உளவியல் ஆய்வாளரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதைவிட வியப்பானது. அனுபவமுள்ள ஐந்து நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, "எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய மேஃபீல்ட் ரேகை இதுதான்" என்றார்கள். உண்மையில் அவை, சில ஆண்டுகளுக்கு முன் அதே நிபுணர்கள் தம் சொந்த வழக்குகளில் "பொருந்துகிறது" என்று கையெழுத்திட்ட ரேகைகள். ஐவரில் நால்வர் தங்கள் பழைய முடிவிலிருந்து மாறினார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த கதை மட்டுமே மாறியது.

நம் நாட்டில் இதன் நிலை என்ன? நிபுணர் கூற்று என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு கருத்து. முன்பு சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு. கருத்து என்பதால் அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எத்தனை பேர் சரிபார்த்தார்கள், அவர்களுக்கு முதல் முடிவு முன்பே தெரியுமா, தடத்தின் எந்தப் பகுதி பொருந்தவில்லை என்று கேட்கலாம். ரேகை எப்போது பதிந்தது என்பதை நம்பகமாகச் சொல்லும் முறை இதுவரை இல்லை என்பதும் வழக்குரைஞர் நினைவில் இருக்க வேண்டும். கைக்குக் கை மாறும் பை, புட்டி போன்ற பொருட்களில் கிடைத்த தடம், அந்த மனிதர் சம்பவ இடத்தில் இருந்தார் என்பதைக்கூடக் காட்டாது.

2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைது செய்யப்படுவோரிடமிருந்து கைரேகை, உள்ளங்கை ரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை எடுக்க அனுமதிக்கிறது. 75 ஆண்டுகள் வரை அவற்றைப் பாதுகாக்கவும் வழி செய்கிறது. இதில் பலர் கவனிக்காத ஒரு விதிவிலக்கு உண்டு. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, சட்ட வழிகள் எல்லாம் முடிந்த பிறகு வழக்கிலிருந்து விடுதலை பெற்றாலோ, நீதிமன்றம் காரணம் எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி அந்தப் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். நம் குடும்பங்களில் யாரேனும் அப்படி விடுதலையாகியிருந்தால், தீர்ப்பு நகலோடு இதையும் வழக்குரைஞரிடம் கேட்டுப் பாருங்கள்.