மோட்டார் காரை அறிவோம்

சாலையில் ஓடும் கார்களை நாள்தோறும் காண்கிறோம்; ஏறிப் பயணமும் செய்கிறோம். ஆயினும் முன்மூடியாகிய பானெட்டைத் திறந்து காட்டினால், எது எந்த உறுப்பு என்று சொல்லக் கூடியவர் நம்மில் சிலரே. ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று தொட்டுப் பெட்ரோல் கார்களின் அடிப்படை ஒன்றே: எரிபொருளின் வெப்பத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுவது. அந்த ஆற்றல் செல்லும் வழியே நாமும் சென்றால், உறுப்புகளின் பெயர்கள் தாமே விளங்கும்.

என்ஜின்: இதனுள் சிலிண்டர் எனும் உருளைகளும், அவற்றுள் ஏறி இறங்கும் பிஸ்டன்களும் உள்ளன. பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருகிறது. ஏறும்போது அக்கலவை அழுத்தப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கின் மின்பொறியால் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் மீண்டும் ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வீச்சுகளில் ஒன்றே ஆற்றல் தருவது; ஏனைய மூன்றும் அதற்கான ஏற்பாடுகளே. கலவையை முன்பு கார்புரேட்டர் தயாரித்தது. இன்று அவ்விடத்தில் இன்ஜெக்டர் இருக்கிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குவது கிராங்க் ஷாஃப்ட். தையல் இயந்திரத்தின் மிதிபலகை சக்கரத்தைச் சுழற்றுவதும் இம்முறையில்தான்.

சி.சி.: பிஸ்டன்கள் ஒரு வீச்சில் கடக்கும் இடத்தின் மொத்தக் கன அளவே இது. 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 காரின் என்ஜின் 796 சி.சி.; சிலிண்டர்கள் மூன்று. எனவே சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 265 கன சென்டிமீட்டர்.

ரேடியேட்டர்: என்ஜினைச் சுற்றிவந்து சூடேறிய நீரைக் குளிரச் செய்வது. இந்நீர் பிரஷர் குக்கரில் உள்ளதுபோல் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தாலோ, அழுத்தம் சட்டெனக் குறைந்து கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

கிளட்ச், கியர்: என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச். முதல் கியரில் என்ஜின் பலமுறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். வேகம் குறைவு, இழுவிசை அதிகம். மேல் கியர்களில் இது தலைகீழாகும்.

டிஃபரன்ஷியல்: என்.சி.சி. அணிவகுப்பு வளைந்து திரும்புகையில் வெளியோர மாணவர் நீண்ட அடி வைக்கிறார். உள்ளோர மாணவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறார். வளைவில் காரின் இரு பக்கச் சக்கரங்களும் அவ்வாறே வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். அதற்கு வழி செய்வது இவ்வுறுப்பு.

பிரேக்: பெடலை மிதித்தால், பாஸ்கல் விதிப்படி, குழாயிலுள்ள பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே உராய்வினால் வண்டியின் வேகம் வெப்பமாக மாறுகிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் வெப்பம் மிகுந்து உராய்வு குன்றும். பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழியிடவும் கூடும். குமிழி எளிதில் அமுங்குவதால் பெடல் அடிவரை இறங்கும், வண்டியோ நிற்காது!

ஆகவேதான், ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பர் அனுபவசாலிகள். தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்குவோர் அத்துணையை இழக்கின்றனர். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் சில மிதிகளுக்குப் பின் பயன்தராது. மிச்சமாகும் சில ரூபாய் பெட்ரோல் உயிருக்கு ஈடாகுமா?

மின்சாரக் கார்களில் பிஸ்டனும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஆயினும் பிரேக்கும் டயரும் அவற்றிலும் உண்டு. வெப்பத்தின் விதியும் மாறவில்லை. காரைச் சொந்தமாக வாங்குவோர் சிலராயினும் அதில் பயணம் செய்வோர் அனைவருமே. எனவே இவ்வுறுப்புகளை அறிந்து வைத்தல் நம் ஒவ்வொருவருக்கும் நலம் பயக்கும்.