"தரையில விடாதீங்க"ன்னுதான் டாக்டர் சொன்னார்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடு நடுவுல பின்னாடி ஒரு குரைப்புச் சத்தம் கேட்டுச்சுன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. ஆமா, அது எங்க வீட்டு நாய்தான். எடிட்ல வெட்ட மறந்துட்டேன். அதுல பாதிப் பேர் கேட்ட அடுத்த கேள்வி, "ப்ரோ, நானும் ஒரு குட்டி எடுக்கலாம்னு இருக்கேன், என்னென்ன பிரச்சினை வரும்?" அதனால இன்னைக்கு சர்வர், டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. நாய்க்குட்டி மட்டும்.

முதல்லயே சொல்லிடறேன், நான் நிபுணன் இல்லை. நான் ஒரு பெரிய தப்பு பண்ணினவன். அதுவும் அலட்சியமா பண்ணல. நல்லா படிச்சு, பயந்து, அக்கறையோட பண்ணின தப்பு.

எங்க ஊர் சிங்காரப்பேட்டை. ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் நடுவுல, கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை ரோட்டு மேலயே இருக்கு. ஆபீஸ் ஓசூர்ல. வாரத்துல ரெண்டு நாள் அங்க, மிச்ச நாள் வீட்டுல இருந்து வேலை. எங்க தெருமுனையில ஒரு நாய் நாலு குட்டி போட்டிருந்தது. சுத்தமான நாட்டு நாய். ஒரே வாரத்துல ரெண்டு குட்டி ரத்தமா கழிஞ்சு செத்துப்போச்சு. மூணாவதை யாரோ எடுத்துட்டுப் போனாங்க. கடைசியா இருந்ததை நான் தூக்கிட்டு வந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பல்லைப் பார்த்துட்டு ஏழு வாரம் இருக்கும்னு சொன்னார்.

பேர் பைட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், அந்தப் பைட். ஆனா வந்த முதல் நாளே அது செஞ்சது வேற பைட். கை, கால், லுங்கி, லேப்டாப் சார்ஜர், எல்லாத்துலயும் பல் தடம். எங்க ஆயாவுக்கு பைட்டெல்லாம் வாயில நுழையல. அவங்க "மணி"ன்னு கூப்பிட்டாங்க. ஊர்ல எல்லா நாயும் அவங்களுக்கு மணிதான். நான் "கம்", அம்மா "வா", அப்பா "ச்சூ ச்சூ". ஒரே வேலைக்கு மூணு கமாண்டு. குட்டி சொன்ன பேச்சு கேட்கலைன்னு புகார் சொல்ற வீடுகள்ல முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான். வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து ஒரு பேர், ஒரு வார்த்தைன்னு முடிவு பண்ணணும். எங்க வீட்டுல ஆயா ஜெயிச்சாங்க. இப்ப அது மணிதான்.

கடிக்கிறதைப் பத்திச் சொல்லணும். குட்டி கடிக்கிறது கெட்ட பழக்கம் இல்லை. அதுக்கு 28 பால் பல் இருக்கு, எல்லாம் ஊசி மாதிரி. மூணரை, நாலு மாசத்துல விழ ஆரம்பிச்சு, ஆறேழு மாசத்துக்குள்ள 42 பல் முளைச்சு முடியும். அதுவரைக்கும் ஈறு ஊறிக்கிட்டே இருக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வெச்சுக் கொடுத்தேன், நல்லா வேலை செஞ்சுது. இன்னொண்ணு, குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும். சாயங்காலம் பேய் பிடிச்ச மாதிரி ஓடி ஓடிக் கடிச்சா, பெரும்பாலும் அதுக்குத் தூக்கம் பத்தலை.

கடியோட அழுத்தத்தை அது கத்துக்கிறது கூடப் பிறந்த குட்டிங்ககிட்ட. ஓவரா கடிச்சா மத்த குட்டி வீல்னு கத்தும், விளையாட்டை நிறுத்திட்டுப் போயிடும். அதுதான் பாடம். நம்ம ஊர்கள்ல 30 நாள், 35 நாள் குட்டியை அட்டைப் பெட்டியில வெச்சு வித்துடறாங்க. அந்தக் குட்டிக்கு இந்தப் பாடமே நடக்காது. 2017-ல வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக்கூடாதுன்னு சொல்லுது. காசு கொடுத்து வாங்கறவங்க இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்க.

மூத்திரம் பத்தி ரொம்ப நேரம் பேச மாட்டேன். ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் ஒரே இடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. போனதும் அங்கேயே, அந்த நொடியே பாராட்டுங்க. பத்து நிமிஷம் கழிச்சு மூக்கைத் தேய்ச்சா அதுக்கு எதுக்குன்னே புரியாது. "இந்த ஆள் அப்பப்ப கிறுக்காயிடுவான்"னு மட்டும்தான் புரியும்.

இப்ப என் தப்புக்கு வரேன்.

ரெண்டு குட்டி செத்துச்சுன்னு சொன்னேன்ல, அறிகுறியை வெச்சு டாக்டர் அதைப் பார்வோன்னார். 1978-ல முதல்முறையா அடையாளம் கண்ட வைரஸ், ரெண்டே வருஷத்துல உலகம் பூரா பரவிடுச்சு. மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கெல்லாம் அசையாது. அதுக்குத் தடுப்பூசி இருக்கு. ஆனா ஆறேழு வாரத்துல ஒண்ணு, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, கடைசி ஊசி 16 வாரம் ஆனப்புறம். ஏன் இத்தனை தடவைன்னு எனக்கு முதல்ல புரியல. காசு பிடுங்கறாங்களோன்னுகூட நினைச்சேன்.

விஷயம் இதுதான். சீம்பால் வழியா தாயோட எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்திருக்கும். அது உடம்புல இருக்கிற வரைக்கும் நம்ம போடற தடுப்பூசி மருந்தையும் எதிரின்னு நினைச்சு அடிச்சு வெளியே தள்ளிடும். ஊசி போட்டும் பலன் இல்லை. தாய் கொடுத்தது எப்ப தீரும்? ஒரு குட்டிக்கு ஏழு வாரம், இன்னொண்ணுக்கு பன்னெண்டு, வேறொண்ணுக்கு பதினஞ்சு. வெளியில இருந்து பார்த்தா தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, அந்தப் பக்கம் இருக்கிற சர்வர் எப்ப எழும்பும்னு தெரியல, அது "கிடைச்சுது"ன்னு பதிலும் அனுப்பாது. அப்ப என்ன பண்ணுவோம்? இடைவெளி விட்டு ரீட்ரை பண்ணுவோம். அதேதான்.

ஆக 16 வாரம் வரைக்கும் குட்டிக்கு எதிர்ப்பு இருக்கா இல்லையான்னு உறுதியா தெரியாது. அதனால டாக்டர் என்கிட்ட, "ஊசி முடியற வரைக்கும் வெளியே தரையில விடாதீங்க"ன்னார். தெளிவாத்தான் சொன்னார். என் காதுல விழுந்தது, "வெளியே விடாதீங்க."

ரெண்டும் ஒண்ணு இல்லை மக்களே.

ரெண்டரை மாசம் குட்டியை வீட்டுக்குள்ளேயே வெச்சேன். கேட்டைப் பூட்டினேன். வெளிச் செருப்பை உள்ள கொண்டுவர விடல. சொந்தக்காரங்க வந்தாக்கூட தொட விடல. நல்லா கொழுகொழுன்னு வளர்ந்துது. பார்வோ வரல. எனக்கு ஒரே பெருமை.

எனக்குத் தெரியாம அதே நேரத்துல இன்னொரு கடிகாரம் ஓடிட்டிருந்தது. அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கிற ஊர்ல ஜாக்சன் ஆய்வகத்துல இதைப் பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினாங்க. 1961-ல ஃப்ரீட்மேன், கிங், எலியட்னு மூணு பேர் வெளியிட்ட சோதனை ஒண்ணு. குட்டிகளை உயரமா வேலி போட்ட திடல்ல, மனுஷ வாடையே இல்லாம வளர்த்தாங்க. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது வாரம்னு வேற வேற வயசுல சிலதை ஒரு வாரம் மட்டும் வெளியே கொண்டுவந்து மனுஷங்களோட பழக விட்டாங்க. சிலதை 14 வாரம் வரைக்கும் தொடவே இல்லை. அந்தக் கடைசிக் கூட்டம் அப்புறம் எவ்வளவு பழக்கியும் காட்டு மிருகம் மாதிரியே ஒதுங்கி நின்னுச்சு.

சுருக்கமா, மூணு வாரத்துல இருந்து சுமார் 12–14 வாரம் வரைக்கும் குட்டி எதைப் பார்க்குதோ அதையெல்லாம் "உலகம்னா இப்படித்தான் இருக்கும்"னு எடுத்துக்கும். அப்புறம் வர்ற புது விஷயத்தை முதல்ல ஆபத்துன்னுதான் பார்க்கும். இப்ப ரெண்டு கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தடுப்பூசி முடியறது 16 வாரத்துல. உலகத்தைப் பழக்கற கதவு சாத்த ஆரம்பிக்கிறது 12-ல. ஊசி முடியட்டும்னு காத்திருந்தா கதவு சாத்திடும்.

அமெரிக்காவுல விலங்குகளோட நடத்தையைப் பார்க்கிற மருத்துவர்கள் சங்கம் 2008-லயே இதை எழுத்துல சொல்லிடுச்சு. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் குட்டியைப் பாதுகாப்பா வெளியுலகத்துக்குக் காட்ட ஆரம்பிங்கன்னு. எப்படிப் பாதுகாப்பா? தூக்கிட்டுப் போகலாம்! தோள்பையில உட்கார வெச்சு சிங்காரப்பேட்டை பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் நின்னிருந்தா போதும். லாரி, ஏர் ஹாரன், ஹெல்மெட் போட்டவங்க, தாடி வெச்சவங்க, முக்காடு போட்டவங்க, குடை, ஸ்கூல் பசங்க, ஆட்டு மந்தை, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துல வந்துடும். தரையில கால் வைக்கணும்னு அவசியமே இல்லை. டாக்டர் சொன்னதும் அதுதான். தரையில விடாதீங்க.

17-வது வாரம் கயிறு மாட்டி முதல்முறையா கேட்டைத் திறந்தேன். எதிர்ல ஒரு டிராக்டர் போச்சு. குட்டி அங்கேயே ஒண்ணுக்குப் போயிட்டு, படுத்துட்டு, நகரல. நான் என்ன பண்ணினேன்? கயிறைப் பிடிச்சு இழுத்தேன், பழகிடும்னு. ஆள் வந்தா உறுமும். உறுமினா அதட்டுவேன். ரெண்டு மூணு வாரத்துல உறுமறதை நிறுத்திடுச்சு. ட்ரெயினிங் வேலை செய்யுதுன்னு ஸ்டேட்டஸ் வேற போட்டேன்.

உறுமல்ங்கிறது எச்சரிக்கை. அதை அதட்டி நிறுத்தினா பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். லாக்குல எரர் வராம ஆஃப் பண்ணிட்டு எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைக்கிற மாதிரி.

அஞ்சரை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையன் பந்து எடுக்க உள்ள வந்தான். ரெண்டாம் வகுப்பு. மணி மாடிப்படிக்குக் கீழ மூலையில இருந்தது. அவன் ஆசையா குனிஞ்சு தலையைத் தடவப் போனான். இப்ப யோசிச்சா எல்லாம் ஞாபகம் வருது. காதைப் பின்னாடி மடிச்சுது, உதட்டை நக்கிச்சு, முகத்தைத் திருப்பிக்கிச்சு. நான் மூணடி தூரத்துல ஃபோன் பார்த்துட்டிருந்தேன். உறுமல் வரல. நேரா கடிதான். உள்ளங்கையில ரெண்டு இடத்துல ரத்தம்.

ஆயா மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்துட்டு ஓடி வந்தாங்க. அதைத் தடுத்தது மட்டும்தான் அன்னைக்கு நான் ஒழுங்கா செஞ்சது. ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். வேற எதையும் தடவக்கூடாது. கட்டுப் போடாம நேரா அரசு ஆஸ்பத்திரி. வீட்டு நாய், அதுக்கு வெறிநோய் ஊசி போட்டாச்சுன்னு சொன்னேன். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, இவனுக்கு ஊசியை இன்னைக்கே ஆரம்பிக்கணும், நாயைப் பத்து நாள் கட்டி வெச்சுக் கவனிங்கன்னாங்க. முதல் நாள், 3, 7, 28, மொத்தம் நாலு நாள். ரத்தம் வந்த கடிங்கறதால காயத்தைச் சுத்தி எதிர்ப்புப் புரத ஊசியும். தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு ஆயா அழுதாங்க. அது பழைய காலத்துத் தடுப்பூசி, நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. வெறிநோய் அறிகுறி வந்துட்டா காப்பாத்த வழி இல்லை, ஆனா வர்றதுக்கு முன்னாடி சரியா ஊசி போட்டா தடுத்துடலாம். அதனால குட்டி விளையாட்டா கீறினாக்கூட அலட்சியம் வேண்டாம்.

நாலு தடவையும் அந்தப் பையனையும் அவங்க அம்மாவையும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். வழியில அந்த அக்கா ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

நாயை ஊருக்கு வெளியே விட்டுடுன்னு அப்பா சொன்னார். டாக்டர்கிட்ட போனேன். அவர் சொன்னபடி தலைகீழா ஆரம்பிச்சேன். மெயின் ரோட்டுல இருந்து நல்ல தூரத்துல ஒரு மாந்தோப்பு. அங்க இருந்து லாரி சின்னதா தெரியும், சத்தம் லேசா கேட்கும். மணி காதைத் தூக்கும், ஆனா பயப்படாது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன், எலும்பு எடுத்தது. லாரி போனதும் சிக்கன் நிக்கும். சில நாள்ல லாரி வந்தா அது என் கையைப் பார்க்க ஆரம்பிச்சுது. அப்புறம் அஞ்சடி கிட்ட. அடுத்த வாரம் இன்னும் அஞ்சடி. பயந்துச்சுன்னா நான் அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம், பழைய இடத்துக்கே திரும்பிடுவேன். ரோட்டு ஓரம் வர அஞ்சு மாசம் ஆச்சு. பைக்குள்ள வெச்சுப் பத்துப் பத்து நிமிஷமா முடிச்சிருக்க வேண்டிய வேலை. (மாந்தோப்புன்னதும் ஞாபகம் வருது: கீழ கிடக்கிற மாங்கொட்டையை முழுங்க விடாதீங்க. குடல்ல அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் போகும். நம்ம மாவட்டத்துல சீசன் பூரா இதைக் கவனிக்கணும்.)

நடுவுல ஒரு சின்ன விஷயம். ஓசூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன் வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கி, கூப்பிட்டா வரவே மாட்டேங்குது, திமிருன்னு புலம்பிட்டிருந்தான். அந்த இனத்துல பிறவியிலேயே காது கேட்காத குட்டிங்க உண்டு. தூங்கும்போது பின்னாடி நின்னு கை தட்டச் சொன்னேன். அசையல. இப்ப கை சைகையில எல்லாம் கேட்குது. சொன்ன பேச்சு கேட்கலைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அதுக்குக் கேட்குதான்னு பார்த்துடுங்க.

மணிக்கு இப்ப ரெண்டு வயசு. எருது விடும் விழா அன்னைக்கும் தீபாவளிக்கும் கட்டிலுக்கு அடியில போயிடும், அது மாறல. வெளியாள் வந்தா இன்னும் உறுமும். உறுமட்டும்னு விட்டுடறேன், வந்தவங்களைத்தான் ரெண்டடி தள்ளி நிக்கச் சொல்றேன். பக்கத்து வீட்டுப் பையன் இப்ப நாலாம் வகுப்பு. ஸ்கூல் விட்டு வரும்போது கேட்டுக்கு வெளியே நின்னு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரி முகத்தைப் பார்க்காம பக்கவாட்டுல திரும்பி நின்னுக்கிட்டு பிஸ்கட்டைக் கம்பி வழியா போடறான். மணி எடுத்துக்குது. அவன் கை உள்ள வரல, நானும் வர விடல. அவங்க அம்மா எங்க அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சிருக்காங்க. என்கிட்ட இன்னும் இல்லை.