இறங்கிய இடத்திலிருந்து வாசல் வரை

மோதி பாக் என்றதும் தில்லித் தமிழர்களுக்கு டி.டி.இ.ஏ. பள்ளி நினைவுக்கு வரும். கூடவே, கொஞ்சம் தள்ளி ஆர்.கே.புரத்தில் இருக்கும் மலை மந்திர். மத்திய அரசு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைத்து, ஓய்வு பெறும்வரை இந்த வட்டாரத்திலேயே காலம் தள்ளிய குடும்பங்கள் ஏராளம். தில்லிப் பெண்கள் பலருக்கு இந்தப் பக்கம் வேறொரு காரணத்துக்காகவும் தெரியும். ரிங் ரோட்டை ஒட்டிய நானக்புராவில்தான் தில்லி போலீஸின் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு இயங்குகிறது. வரதட்சணைச் சாவுகளைக் கண்டு ஊரே கொதித்த 1980-களில் முளைத்த பிரிவு அது. குடும்பப் புகார்களை விசாரிப்பதும், பள்ளி கல்லூரி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தருவதும் அதன் வேலை.

அப்படியோர் அலுவலகம் இருக்கும் வட்டாரத்தில்தான் தலைநகரை உலுக்கிய இரண்டு குற்றங்கள் நடந்தன. 2005 மே மாதம், பின்னிரவில் தோழியோடு நடந்துபோன கல்லூரி மாணவி ஒருவர் தௌலா குவான் பக்கத்தில் காரில் கடத்திச் செல்லப்பட்டார். 2010 நவம்பர் 24 அன்று, நள்ளிரவுக்கு மேல் பி.பி.ஓ. வேலை முடிந்து திரும்பிய வடகிழக்கு மாநிலப் பெண் ஒருவருக்கும் அதே கதி நேர்ந்தது. அவருக்கு அலுவலக வண்டி இருந்தது. அது அவரையும் உடன் வேலை பார்த்த பெண்ணையும் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வீடு பக்கத்தில்தான். நடந்து வந்துகொண்டிருந்தபோது ஒரு சிறு சரக்கு வண்டி வந்து நின்றது. 2014-ல் ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இரண்டு முறையும் ஊர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: ‘அந்த நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு வெளியே என்ன வேலை?’

இந்தக் கேள்வியையே மாற்றிப் போட்டவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும். ‘அந்தத் தெருவில் விளக்கு ஏன் இல்லை? நடைபாதை எங்கே போயிற்று? வண்டி வாசல்வரை ஏன் வரவில்லை? கூப்பிட்டால் ஓடிவர அங்கே யார் இருந்தார்கள்?’ என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல், கையில் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

கமலா பாசினும் அவருடைய தோழிகளும் சேர்ந்து 1984-ல் தில்லியில் தொடங்கிய பெண்கள் அமைப்பு ஜாகோரி. வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்பது, பாட்டும் போஸ்டரும் பயிற்சி முகாமுமாக ஊர் ஊராகப் போவது என்று வளர்ந்த அமைப்பு. 2000-களின் நடுவில் அது ‘பாதுகாப்பான தில்லி’ இயக்கத்தைக் கையில் எடுத்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் கல்பனா விஸ்வநாத், தில்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பிற்பாடு ஜாகோரியின் இயக்குநராக இருந்த சுனிதா தர் இதை அரசு அலுவலகங்களின் மேசைவரை கொண்டுபோனார்.

அவர்கள் கையாண்ட கருவியின் பெயர் பாதுகாப்புத் தணிக்கை. கனடாவின் டொராண்டோ நகரில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு 1989-ல் உருவாக்கிய முறை. நான்கைந்து பெண்கள் சேர்ந்து, பொழுது சாயும் நேரத்தில், தாங்கள் அன்றாடம் போகும் வழியிலேயே நடப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போது தொடங்கி இருட்டும்வரை நடந்தால்தான் தெரு எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பிடிபடும். விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எரிகிறதா, எரிந்தாலும் வெளிச்சம் மரக்கிளையில் விழுகிறதா, நடைபாதையில் விழுகிறதா, அல்லது கார் போகும் சாலைக்கு மட்டும்தானா? எதிரே வருபவரின் முகம் எவ்வளவு தூரத்தில் அடையாளம் தெரிகிறது? தெருவைப் பார்த்த சன்னல் ஒன்றாவது உண்டா? கடைக்காரர் எத்தனை மணிக்கு ஷட்டரை இறக்குகிறார்? பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் ஏற்றி, மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 2007-ல் ஜாகோரி வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்ட நடைகளிலிருந்து திரண்டதுதான்.

அந்த நடைகளில் தெரியவந்த ஒரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதிகாரிகள் ‘ஆக்கிரமிப்பு’ என்று அப்புறப்படுத்தத் துடிக்கும் தள்ளுவண்டிக்காரர்களும், டீக்கடைகளும், ரிக்‌ஷா ஸ்டாண்டும்தான் பல பெண்களுக்கு இரவில் தைரியம். வேர்க்கடலை வண்டி ஒன்று பத்து மணிவரை நின்றால் அந்த முனையை அச்சமின்றிக் கடந்துவிடலாம். அதை அகற்றி, நீளமாக ஒரு மதிலைக் கட்டி, ‘அழகுபடுத்திய’ சாலை ஆளரவமற்றுப் போகிறது. மோதி பாக் போன்ற அரசுக் குடியிருப்புகளுக்கு இது அப்படியே பொருந்தும். பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு அடுக்ககங்கள் எழும்பும் பகுதி இது. நேதாஜி நகரும் சரோஜினி நகரும் அப்படித்தான். புதிய வளாகங்களில் காவலாளி உண்டு, கேமரா உண்டு. ஆனால் எல்லாம் கேட்டுக்கு உள்ளே. பாத்திரம் தேய்த்து முடித்து எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பெண்ணுக்கு, வெளியே மதிலின் முதுகுதான் துணை.

இரவுப் பாதுகாப்பு என்றால் நம் மனத்தில் பப், டிஸ்கோ, கார் பார்ட்டி என்றுதான் படம் ஓடுகிறது. அதற்கான அமைப்புகளும் உலகில் இருக்கின்றன. 2003-ல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் லெஸ் ஐசக் என்ற போதகர் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்’ தொண்டர்கள் வார இறுதி இரவுகளில் தெருவில் நின்று, குடித்துத் தள்ளாடுபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். ஹீல்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடக்கும் பெண்களுக்குச் செருப்பு கொடுக்கிறார்கள். டாக்ஸி ஏற்றி அனுப்புகிறார்கள். யாரையும் கண்டிப்பதில்லை. 2016-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிறந்த ‘ஏஞ்சலாவைக் கேளுங்கள்’ திட்டப்படி, மதுக்கூடத்தில் சங்கடத்தில் மாட்டிக்கொண்ட பெண் கவுன்ட்டரில் போய் ‘ஏஞ்சலா இருக்காங்களா?’ என்று கேட்டால் போதும், ஊழியர்கள் புரிந்துகொண்டு பத்திரமாக வெளியேற்றுவார்கள். நல்ல ஏற்பாடுகள். கேளிக்கைக்கு வந்தவருக்கும் உயிர் உயிர்தான் என்ற எண்ணம் அவற்றுக்கு அடியில் இருக்கிறது. அது நமக்கும் வேண்டும்.

தில்லியின் இரவோ இன்னும் விரிந்தது. சஃப்தர்ஜங் மருத்துவமனையிலும் எய்ம்ஸிலும் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் நர்ஸுகள், சத்ய நிகேதன் மாடி அறைகளில் தங்கிப் படிக்கும் தெற்கு வளாக மாணவிகள், கடை அடைத்துவிட்டு வரும் விற்பனைப் பெண்கள் எல்லோரும் அதில் உண்டு. புறநகரில் பவானா போன்ற மறுகுடியமர்வுக் காலனிகளில் ஜாகோரி வேலை செய்தபோது வெளிச்சத்துக்கு வந்த பிரச்சினை இன்னும் அடிப்படையானது. இரவில் பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிட்டால் பெண்கள் எங்கே போவார்கள்? திறந்தவெளிக்குத்தான். அங்கே காத்திருக்கும் ஆபத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு பூட்டைத் திறந்து வைப்பதும் இரவுப் பாதுகாப்புதான் என்று அந்தப் பெண்கள் அதிகாரிகளிடம் நேருக்கு நேர் பேசினார்கள்.

2010-ல் ஜாகோரியும் தில்லி அரசும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டன. முந்தைய ஓராண்டில் இரண்டு முதல் ஐந்து முறை பாலியல் சீண்டலுக்கு ஆளானதாக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பெண்கள் சொன்னார்கள். அதிகம் நடந்தது சாலையோரத்திலும் பேருந்திலும். அதுவும் இரவில் மட்டும் அல்ல, பட்டப்பகலிலும்தான். தில்லிப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர், நடத்துநர்களுக்கு ஜாகோரி பயிற்சி வகுப்புகள் நடத்தியது இதனால்தான். ‘பேருந்தில் ஒருத்தி குரல் எழுப்பினால் வண்டியை நிறுத்துவது உன் வேலை’ என்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

பிறகு 2012 டிசம்பர் 16. சாக்கேத்தில் சினிமா பார்த்துவிட்டு வந்த பெண்ணும் நண்பரும் முனிர்காவில் ஏறிய தனியார் பேருந்து, மகிபால்பூர் வரை ஓடிய கொடூரத்தை நாடே அறியும். அன்றிரவு அவர்களுக்கு வீடுவரை வர ஓர் ஆட்டோ கிடைத்திருந்தால் அந்தப் பேருந்தில் ஏறியிருக்கவே மாட்டார்கள். நீதிபதி ஜே.எஸ்.வர்மா, லீலா சேத், கோபால் சுப்ரமணியம் குழு சுமார் 80,000 ஆலோசனைகளைப் பெற்று 29 நாட்களில் தந்த அறிக்கை, தண்டனைச் சட்டத்தோடு நிற்காமல் தெருவிளக்கையும் பொதுப் போக்குவரத்தையும் பேசியது. 2013-ல் நிதியமைச்சர் ப.சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியை அறிவித்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் கல்பனா விஸ்வநாத்தும் ஆசிஷ் பாசுவும் ‘சேஃப்டிபின்’ செயலியைக் கொண்டுவந்தார்கள். தாளில் செய்த தணிக்கை கைபேசிக்கு வந்தது. வெளிச்சம், திறந்தவெளி, பார்வையில் படுவது, ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, போக்குவரத்து, கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர், கடைசியாக ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ என ஒன்பது அம்சங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கும் மற்றவற்றுக்குச் சமமாக இடம் கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். பெண்ணின் அச்சத்தை ‘சும்மா பயப்படுகிறாள்’ என்று தள்ளாமல் தரவாக ஏற்றுக்கொண்ட இடம் அது. பின்னர் டாக்ஸிகளின் முன்கண்ணாடியில் கைபேசியைப் பொருத்தி, நகரம் முழுக்க இரவுப் படங்கள் எடுத்தார்கள். 2016-ல் தில்லியில் 7,438 இருண்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டன. பட்டியல் அரசுத் துறைகளின் கைக்குப் போனது, விளக்குகள் வந்தன. 2018-ல் மறுபடி எண்ணியபோது 2,780. தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரம் இதே முறையில் தன் சைக்கிள் பாதைகளை அளந்தது.

சேஃப்டிபின் தகவல்களை வைத்து கிரிஜா போர்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்த ஆய்வு தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றியது. பாதுகாப்பான வழி கிடைக்கும் என்பதற்காகவே, தகுதியிருந்தும் தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்களைவிட வருடத்துக்குப் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் பயணத்துக்குச் செலவிடவும் தயாராக இருக்கிறார்கள் என்று அவர் கண்டறிந்தார். மார்க் வாங்கிய பெண்ணின் படிப்பைப் பேருந்து வழித்தடம் தீர்மானிக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

வண்டி ஓட்டுபவரே பெண்ணாக இருந்தால்? மீனு வதேரா 2008-ல் தொடங்கிய ஆசாத் அறக்கட்டளை, ஏழைக் குடியிருப்புப் பெண்களுக்கு ஓட்டுநர் பயிற்சியோடு சட்ட உரிமைகளும் தற்காப்பும் கற்றுக்கொடுத்தது. ‘சகா’ டாக்ஸிகள் பெண்களைப் பெண்களே ஏற்றிச் செல்ல வழி செய்தன. 2015-ல் தெலங்கானாவைச் சேர்ந்த சரிதா தில்லிப் பேருந்துக் கழகத்தின் முதல் பெண் ஓட்டுநர் ஆனார். 2018-ல் மோதி பாக் மெட்ரோ நிலையம் திறந்தது. 2019 அக்டோபரில் பெண்களுக்குப் பேருந்து இலவசமானது.

சாதனைகளை மட்டும் சொல்லிப் போனால் நேர்மையாக இருக்காது. தில்லி போலீஸ் 2015-ல் வெளியிட்ட ‘ஹிம்மத்’ செயலி மக்களிடம் எடுபடவில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2018-ல் குறைபட்டது. ஆபத்து வந்தபின் பொத்தானை அழுத்தச் சொல்லும் எல்லாத் திட்டங்களுக்கும் இந்தப் பலவீனம் உண்டு. பெண்களின் பாதுகாப்புக்காகத் தில்லிப் பேருந்துகளில் நிறுத்தப்பட்டிருந்த மார்ஷல்கள் 2023 நவம்பரில் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டார்கள். தொண்டு அமைப்புகள் பட்டியல் தரலாம், பயிற்சி தரலாம். பல்பை மாற்ற வேண்டியது அரசுதான், அதுவும் ஒருமுறை மாற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது.

இதைவிடக் கவலை தருவது பழைய கேள்வி புது வேடத்தில் திரும்புவது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, மேற்கு வங்க அரசு கூடுமானவரை பெண்களுக்கு இரவுப் பணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று எப்படிச் சொல்ல முடியும், பாதுகாப்புத் தருவதுதான் உங்கள் கடமை என்று உச்ச நீதிமன்றம் தட்டிக் கேட்டது. சென்னையிலும் 1998-ல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலில் உயிரிழந்த பிறகே ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு சாவு, ஒரு சட்டம் என்றுதான் நாம் நகர்ந்திருக்கிறோம். சாவுக்கு முன்பே தெருவைப் போய்ப் பார்த்தவர்கள் என்பதால்தான் கல்பனாவும் சுனிதாவும் மீனுவும் எனக்கு முக்கியமானவர்களாகப் படுகிறார்கள்.

2025-ல் தில்லி அரசு, கடைகளிலும் நிறுவனங்களிலும் பெண்கள் விருப்பத்தின் பேரில் இரவுப் பணி செய்ய அனுமதி கொடுத்தது. எழுத்துப்பூர்வமான சம்மதம், போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் நிபந்தனைகள். ஆணை சரி. கரோல் பாகில் பதினோரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு மோதி பாக் பக்கம் வீடு திரும்பும் பெண்ணை வண்டி முனையில் இறக்குகிறதா, வாசலில் இறக்குகிறதா என்பதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? தொழிலாளர் துறை ஆய்வாளர் பகலில் வருவார், பதிவேட்டைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார். இரவில் தெருவில் நின்று பார்க்கும் வேலைக்கு இன்றுவரை முறையான பதவி எதுவும் இல்லை. அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் சில பெண்கள் அமைப்புகளும், அவற்றோடு நடக்க முன்வரும் காலனிப் பெண்களும்தான்.